சாய்த்துப் பார்

முரோரானில் பனி சேறாகிற மாதம்.
கேம் சென்டர் வாசலில், குடைக்கூடைக்குப் பக்கத்தில்
என் நெஞ்சுயரத்துக்கு ஓர் இயந்திரம்.
பத்து யென் இரண்டு, ஒரு திருகு.
தொண்டையைச் செருமி
ஓர் அட்டையை நாக்காக நீட்டும்.

பெரும்பாலும் வெறும் அட்டை.
வில்லனின் அடியாள்.
வில்லனுடைய அடியாளின் வண்டி.
நேற்று வந்த அதே அடியாள்.
எப்போதாவது பிரிஸம்:
பெட்ரோல் சிந்திய மழைத்தண்ணீரை
அளவாகக் கத்தரித்து
உள்ளே ஒரு முகத்தை அடைத்தது போல.

என்னிடம் காசு குறைவு, கணக்கு அதிகம்.
யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி
கூடையில் சாய்ந்து நின்று
பிறர் திருகுவதை எண்ணுவேன்.
ஒரு பிரிஸத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்
பதினெட்டு. தப்பினால் பத்தொன்பது.

தொமோபே கியோஹாரு, ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு.
கையுறையைப் பல்லால் கழற்றிக் காசு போடுவான்.
அன்று பதினெட்டு முறை திருகினான்.
பதினெட்டும் அடியாட்கள்.
பையைத் துழாவினான்; பொத்தான் ஒன்று கிடைத்தது.
"கொஞ்சம் பார்த்துக்கொள், வீட்டுக்குப் போய் வருகிறேன்."

பார்த்துக்கொண்டேன்.
மீன்கடை முனையில் அவன் தொப்பி மறையும்வரை
நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.
பிறகு என் நாற்பது யென்னையும் போட்டேன்.

முதல் திருகு: அடியாளின் வண்டி.
இரண்டாவது: எண் முப்பத்தாறு.
ஒற்றைக்கை, நீலக்கவசம், அவிழ்ந்த கூந்தல்.
இருபத்தாறு வாரத்தில் நிறுத்திவிட்ட தொடரில்
ஒரே ஒரு முறை சிரித்தவள்.
அந்தச் சிரிப்போடு அவளை
என் காலுறைக்குள் செருகினேன்.

மூச்சிரைக்க வந்தான்.
"யாராவது வந்தார்களா?"
"யாரும் வரவில்லை."
நம்பினான்.
இன்னும் பதினொரு முறை திருகினான்.
நான் அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.
பழக்கம்.

இப்போது நாற்பத்தாறு வயது, நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
காலை ஐந்தரையிலிருந்து என் இடது காதில்
பிறர் காசு விழுந்துகொண்டே இருக்கிறது.
ஆல்பத்தில் நாற்பத்திரண்டு அறைகள், நாற்பத்திரண்டும் நிறைந்தவை.
முப்பத்தாறாம் அறையில் இருப்பவள் மட்டும்
ஏலத்தில் வந்தவள். ரசீது இருக்கிறது.
அவளைப் போல இன்னும் ஐந்து பேர்
பெட்டியில், ஐந்து ரசீதுகளோடு.
காலுறைக்காரி வேறிடம்,
வண்டிக் காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில்.

பிரிஸத்தை நேராகப் படமெடுக்க முடியாது.
விற்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.
அவள் கவசத்தில் அவர்களுடைய குழல்விளக்கு விழுகிறது,
உலரப்போட்ட சட்டை, கைபேசி பிடித்த விரல்கள்,
ஒருமுறை மருத்துவமனைத் திரையின் கொக்கிகள்.
நான் அட்டையின் மூலைகளைப் பார்ப்பதில்லை.
பெரிதாக்கி, பெரிதாக்கி
புள்ளிகளாக உடைந்த நெற்றிகளைப் பார்க்கிறேன்,
கையுறையைப் பல்லால் கழற்றுகிறவன்
எந்த வயதில் எப்படி இருப்பான் என்று.
ஆறு பேரிடம் வாங்கிவிட்டேன்.
ஆறு பேரும் யாரோ.

நேற்று இரவுப் பணி முடிந்து
காலுறைக்காரியை விற்பனைக்குப் போட்டேன்.
மேசையில் வைத்தேன்; மேலே சீருடையோடு நான்.
சற்றுச் சாய்த்தேன்; அவள் சிரித்தாள், நான் இல்லை.
இன்னும் கொஞ்சம்; இரண்டு பேரும் இல்லை,
ஏழு நிறத்தில் ஒரு கூச்சல்.
சேதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தேன்,
அழித்தேன், 'லேசான வளைவு' என்றேன்.
கணுக்கால் எலும்பு வளைத்தது, அதை எழுதவில்லை.
ஆரம்ப விலை நாற்பது யென்.

விடிவதற்குள் ஒரே ஒரு கேள்வி,
பெயருக்குப் பதில் எண்கள் வைத்த யாரோ:
"பின்பக்கம் பார்க்கலாமா?"

பின்பக்கம் மங்கல் காகிதம்.
எண், தொடரின் பெயர், என் பழைய பெருவிரல் அழுக்கு.
மினுங்காது. முதல் படமே தெளிவாக வந்தது.
அனுப்பிவிட்டு
ஐந்தரை வண்டியை எடுத்தேன்.